ஆளை அளக்கும் தராசு



நம் கடைத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைக்கிறோம். முத்திரை இல்லாத தராசில் நிறுத்துக் கொடுத்தால் 2009-ஆம் ஆண்டு எடையளவுச் சட்டப்படி அது குற்றம். சட்டத்தை விடுங்கள், நூறு கிராம் மிளகு நிறுக்கும்போதுகூட தட்டு சுத்தமாக இருக்கிறதா, எண் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்ப்பது நம் பழக்கம். "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

ஆனால் பத்து ஆண்டு, இருபது ஆண்டு நம்மிடம் வேலை பார்க்கிற ஆட்களை எந்தத் தராசில் நிறுக்கிறோம்? அன்றைக்கு நம் மனம் இருக்கிற நிலைதான் தராசு. காலையில் வந்த பாக்கி வசூலாகிவிட்டால் எல்லோரும் நல்லவர்கள். ஒரு செக் திரும்பிவிட்டால் கண்ணில் படுகிறவன் எல்லாம் சோம்பேறி. இந்தத் தராசுக்கு முத்திரை வைக்க எந்த அதிகாரியும் வருவதில்லை. நாமேதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

நான் 1976-இல் பழைய பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் மதுரை கீழமாசி வீதியில் என் தகப்பனார் கடையில் வந்து உட்கார்ந்தவன். கல்லூரி வாசலை மிதித்ததில்லை. ஆட்களின் வேலையை அளப்பது பற்றி எழுத எனக்கு உள்ள ஒரே தகுதி, அதில் ஒரு பெரிய தவறு செய்து நஷ்டப்பட்டதுதான். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் செய்த தவறு

2009-ஆம் ஆண்டு எங்களிடம் லைன் வியாபாரம் பார்க்க இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் கிழக்கு லைன், மற்றவர் மேற்கு லைன். கிழக்கு லைன் பார்த்தவர் மாதம் 12 லட்சம் ரூபாய்க்கு ஆர்டர் கொண்டுவருவார். மேற்கு லைன் பார்த்தவர் 8 லட்சத்தைத் தாண்டமாட்டார். மேற்கு லைன்காரர் எங்களிடம் 14 ஆண்டு வேலை பார்த்தவர், அதிகம் பேசமாட்டார்.

அந்தத் தீபாவளிக்குக் கிழக்கு லைன்காரருக்கு எல்லோர் முன்னிலையிலும் அரைப் பவுன் மோதிரம் போட்டேன். போட்ட கையோடு மேற்கு லைன்காரரைப் பார்த்து, "நீயும் இதே கடை உப்பைத்தானே தின்கிறாய்?" என்று கேட்டுவிட்டேன். கணக்குப்பிள்ளை, சரக்கறை ஆள், பொட்டலம் போடும் பெண்கள் எல்லோரும் நின்றிருந்தார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பொங்கல் கழிந்து கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டார்.

ஆறு மாதத்தில் கிழக்கு லைன்காரரும் வேறு வேலைக்குப் போனார். அப்போதுதான் அந்த லைனுக்கு நானே நேரில் போனேன். கடைக்காரர்கள் சொன்ன பதில் ஒன்றுதான்: "அண்ணாச்சி, நாங்கள் கேட்கவில்லை, பணம் மெதுவாகக் கொடுங்கள் என்று அவராகத்தான் இறக்கிவிட்டுப் போனார்." நிலுவை 3,10,000 ரூபாய் நின்றது. அதில் 1,35,000 ரூபாய் இன்றுவரை வரவில்லை. இனி வரப்போவதும் இல்லை.

மேற்கு லைன்காரர் விட்டுப் போன சிட்டை நோட்டு மேஜை டிராயரில் கிடந்தது. எந்தக் கடைக்கு எவ்வளவு கடன் தாங்கும், எந்தக் கடைக்காரர் வீட்டில் கல்யாணம் வருகிறது, யாருக்கு எந்த ரகப் பருப்பு போகும் என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தார். அவர் லைனில் ஒரு ரூபாய்கூட வராக்கடன் ஆகவில்லை.

நான் அவரைத் தேடிப் போனேன். வேறொரு கடையில் இருந்தார். மரியாதையாக உட்கார வைத்துக் காபி வாங்கிக் கொடுத்தார். திரும்பி வரச் சொன்னேன். "நீங்கள் கேட்டிருந்தால் நோட்டைக் காட்டியிருப்பேன் அண்ணாச்சி" என்றார். அவ்வளவுதான். அவர் வரவில்லை.

அந்த இரண்டு பேரின் உண்மைக் கணக்கு

பிறகு கணக்குப்பிள்ளையை உட்கார வைத்து, இருவரின் ஒரு மாதக் கணக்கை முழுமையாகப் போட்டுப் பார்த்தேன். நோட்டில் உள்ளதை முழு எண்ணாக்கித் தருகிறேன்.

கிழக்கு லைன்: விற்பனை 12,00,000 ரூபாய். சர்க்கரையும் எண்ணெயும் அதிகம், தள்ளுபடியும் தாராளம். அதனால் லாபம் நூற்றுக்கு 3, அதாவது 36,000 ரூபாய். ஒரு மாதத்துக்கு மேல் நின்ற நிலுவை 2,40,000 ரூபாய். அதற்கு மாதம் ஒன்றரை வட்டி வீதம் 3,600 ரூபாய். திரும்பி வந்த சரக்கிலும் உடைப்பிலும் போனது 6,000 ரூபாய். மீதி 26,400 ரூபாய்.

மேற்கு லைன்: விற்பனை 8,00,000 ரூபாய். மசாலாச் சாமானும் நல்ல ரகப் பருப்பும் அதிகம். லாபம் நூற்றுக்கு 4, அதாவது 32,000 ரூபாய். நிலுவை 40,000 ரூபாய். வட்டி 600 ரூபாய். திரும்பி வந்த வகையில் 500 ரூபாய். மீதி 30,900 ரூபாய்.

மோதிரம் வாங்கியவரைவிடப் பேச்சு வாங்கியவர் மாதம் 4,500 ரூபாய் அதிகம் சம்பாதித்துக் கொடுத்திருக்கிறார். வராக்கடனை நான் இதில் சேர்க்கவே இல்லை. இந்தக் கணக்கு முழுவதும் என் பேரேட்டிலேயே இருந்தது. பார்க்காமல் இருந்தது நான். "கணக்கன் கணக்கறிவான், தன் கணக்கைத் தான் அறியான்" என்பது எனக்காகவே சொன்னது போல இருந்தது.

விற்பனை ஆளுக்கு ஐந்து அளவுகள்

அதற்குப் பின் எங்கள் கடையில் விற்பனை பார்க்கும் ஆளை ஐந்து வகையில் பார்க்கிறோம். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டால் தராசு சாய்ந்துவிடும்.

முதலாவது, வசூலான விற்பனை. பில் போட்ட அன்று அது பாதி விற்பனைதான். பணம் வந்த அன்றுதான் முழு விற்பனை. 30 நாளுக்கு மேல் நிற்கும் தொகையை அந்த மாத விற்பனையில் கழித்துவிட்டுத்தான் எண்ண வேண்டும். இந்த ஒரு விதியைச் சொல்லிவிட்டாலே லைன் ஆள் தானாகவே கடைக்காரரின் நாணயம் பார்த்துச் சரக்கு இறக்குவார்.

இரண்டாவது, லாப விகிதம். தள்ளுபடி கொடுத்து விற்பதற்குத் திறமை தேவையில்லை. தள்ளுபடி எவ்வளவு வரை கொடுக்கலாம் என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டு, அதற்குள் எப்படி நடந்துகொண்டார் என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது, மூன்றாம் முறை வாங்கிய கடை. புதுக் கடை பிடித்தேன் என்று சொல்வது எளிது. முதல் முறை நம் விலையைப் பார்த்து வாங்குவார்கள். இரண்டாம் முறை பழக்கத்துக்காக வாங்குவார்கள். மூன்றாம் முறை வாங்கினால்தான் அவர் நம் வாடிக்கையாளர். அப்போதுதான் அதை ஆளின் கணக்கில் வரவு வைக்கிறோம்.

நான்காவது, திரும்பி வந்த சரக்கு. இதில் ஒரு நுட்பம் உண்டு. மாதத்தின் கடைசி ஐந்து நாள் விற்பனையையும், அடுத்த மாதத்தின் முதல் பத்து நாளில் திரும்பி வந்த சரக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இலக்கை எட்டுவதற்காகத் தள்ளிவிட்ட சரக்கு அப்படியே தெரியும். சில்லறைக் கடை நண்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மாதக் கடைசியில் கம்பெனி ஆட்கள் "டார்கெட்" என்று கெஞ்சி இரண்டு பெட்டி இறக்கிவிட்டுப் போவதும், அது அலமாரியில் தேதி முடிந்து கிடப்பதும் உங்களுக்குத் தெரிந்த கதைதானே. நம் ஆளுக்கு நாமே அந்த நெருக்கடியைக் கொடுத்தால் அவரும் அதைத்தான் செய்வார்.

ஐந்தாவது, ஒரு பில்லில் எத்தனை வகை. பத்து மூட்டை சர்க்கரை ஒரே பில்லில் போவதைவிட, சர்க்கரையோடு உளுந்து, சீரகம், கடுகு, புளி என்று எட்டு வகை போனால் அந்தக் கடை நம்மோடு ஒட்டிக்கொண்டது என்று பொருள். சர்க்கரைக்குக் கிலோவுக்கு இருபது காசு குறைத்து வேறொருவர் கொடுத்தால் முதல் கடை போய்விடும். இரண்டாவது கடை போகாது.

ரூபாயைவிட மூட்டையை எண்ணுங்கள்

அளக்கும் கோலே நீண்டு சுருங்கினால் எப்படி அளப்பது? ரூபாய் அப்படிப்பட்ட கோல். 2015-இல் துவரம் பருப்பு சில்லறையில் கிலோ 200 ரூபாயைத் தொட்டது நினைவிருக்கும். அந்த ஆண்டு எங்கள் பருப்பு விற்பனைத் தொகை நன்றாக ஏறியது. மூட்டைக் கணக்கைப் பார்த்தால் குறைந்திருந்தது. ரூபாயை மட்டும் பார்த்திருந்தால் இன்னொரு மோதிரம் போட்டிருப்பேன். மறு ஆண்டு விலை இறங்கியதும் அதே ஆளைத் திட்டியிருப்பேன். இரண்டுக்கும் அவர் காரணமில்லை.

ஆகவே பருப்பு, அரிசி, சர்க்கரை போன்றவற்றை மூட்டையிலும், எண்ணெயை டின்னிலும் எண்ணுங்கள். மாதத்தை முந்தின மாதத்தோடு ஒப்பிடாதீர்கள். ஆடியை ஆனியோடும், ஐப்பசியைக் கார்த்திகையோடும் ஒப்பிட்டால் உண்மை தெரியாது. சென்ற ஆண்டு ஆடியோடு இந்த ஆண்டு ஆடியைப் பாருங்கள். தீபாவளி ஒரு ஆண்டு அக்டோபரிலும் ஒரு ஆண்டு நவம்பரிலும் வருவதால், ஆங்கில மாதக் கணக்குப் பார்ப்பவர்கள் இரண்டு மாதத்தையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

நாட்டு நடப்பையும் கழிக்க வேண்டும். 2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபின் எந்த லைன் ஆளால் வசூல் செய்ய முடிந்தது? 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது பில் போடவே தடுமாறினோம். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது, பஸ் ஓடாத காலத்தில் சைக்கிளில் வந்து கடை திறக்க உதவிய ஆட்களை எந்த எண்ணால் அளப்பது? அதற்குக் கட்டம் போட்ட தாள் கிடையாது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு எழுதி வைத்தேன். அப்படி எழுதி வைப்பதும் அளவைதான்.

சரக்கறை பார்ப்பவரின் வேலை

விற்பவரின் வேலை எல்லோர் கண்ணிலும் படும். சரக்கறையில் இருப்பவர் தவறு செய்தால்தான் கண்ணில் படுவார். ஒழுங்காகச் செய்தால் யாருக்கும் தெரியாது. ஆகவே இவரை அளப்பதில்தான் கூடுதல் கவனம் வேண்டும்.

முதல் கணக்கு எல்லோரும் அறிந்ததே. தொடக்க இருப்போடு கொள்முதலைக் கூட்டி, விற்பனையைக் கழித்தால் இருக்க வேண்டிய இருப்பு. துவரம் பருப்பு 40 மூட்டை இருந்தது, 120 வந்தது, 128 போனது என்றால் 32 இருக்க வேண்டும். எண்ணினால் 31 என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே சரக்கறை ஆளைச் சந்தேகிப்பதுதான் நம் வழக்கம்.

எங்கள் கடையில் ஒருமுறை இப்படியே ஆனது. இரண்டு நாள் அந்தத் தம்பியின் முகத்தைப் பார்த்துப் பேசாமல் இருந்தேன். மூன்றாம் நாள் அவர் தயங்கித் தயங்கி, "அண்ணாச்சி, சித்திரைத் திருவிழா அன்னதானத்துக்கு ஒரு மூட்டை ஏற்றிவிடச் சொன்னீர்களே, அதற்குச் சிட்டை போட்டோமா?" என்று கேட்டார். போடவில்லை. வாய்ச்சொல்லாகக் கொடுத்தனுப்பியவன் நான். அன்றிலிருந்து முதலாளி எடுத்தாலும் சிட்டை என்று விதி வைத்தோம். தன் வீட்டுக்கு எடுத்துப்போகும் கடலைப் பருப்புக்கும் சிட்டை போடாத முதலாளிக்கு இருப்புக் குறைவைப் பற்றிக் கேட்க உரிமை இல்லை.

அடுத்து, இயற்கையான எடைக் குறைவு. புளியும் மிளகாய் வற்றலும் ஈரம் காயக் காய எடை குறையும். மழைக்காலத்தில் வெல்லமும் கருப்பட்டியும் கசியும். இது திருட்டும் அல்ல, கவனக்குறைவும் அல்ல. எவ்வளவு குறையும் என்று பிறரிடம் கேட்க வேண்டாம். கடைக்குக் கடை, கிடங்குக்குக் கிடங்கு மாறும். வந்த அன்று பத்து மூட்டையை நிறுத்து, மேலே எடையும் தேதியும் எழுதி வையுங்கள். வெளியே போகும்போது மறுபடி நிறுங்கள். ஓராண்டு இப்படிச் செய்தால் உங்கள் கிடங்குக்கு உரிய அளவு கிடைத்துவிடும். அதற்கு மேல் குறைந்தால் மட்டும் கேள்வி கேளுங்கள்.

மூன்றாவது, முதலில் வந்தது முதலில் போகிறதா என்பது. ரவை, மைதா, கடலை மாவு இவற்றில் வண்டு விழுவதற்குப் பெரும்பாலும் காரணம் பழைய மூட்டை பின்னால் மாட்டிக்கொள்வதுதான். மாதம் ஒருநாள் அடுக்கின் கடைசி மூட்டையை எடுத்துத் தேதி பாருங்கள். சரக்கறை ஆளின் திறமை அந்தக் கடைசி மூட்டையில் இருக்கிறது. அதற்கு முன், மூட்டையை எடுக்கவும் வைக்கவும் அவருக்கு நடைவழி விட்டிருக்கிறீர்களா என்றும் பாருங்கள்.

"இல்லை" நோட்டு

இன்று எல்லோரிடமும் கம்ப்யூட்டர் பில் வந்துவிட்டது. விற்றது எல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் விற்காமல் போனது அதில் இல்லை. வாடிக்கையாளர் கேட்டு, நாம் "இல்லை" என்று சொல்லி, அவர் அடுத்த கடைக்குப் போனதை எந்தக் கம்ப்யூட்டரும் எழுதாது.

அதற்காகக் கல்லாப் பக்கத்தில் நாற்பது பக்க நோட்டு ஒன்று கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம். "இல்லை" என்று சொன்ன ஒவ்வொரு முறையும் சாமான் பெயர், தேதி, முடிந்தால் அளவு. அவ்வளவுதான். முதல் வாரத்திலேயே கண் திறந்தது. வெந்தயம் ஒன்பது முறை இல்லை. கசகசா கிடங்கில் மூன்று மாதத்துக்கு இருந்தது.

இந்த நோட்டை இருப்பு நாளோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மாதம் 24 லட்சம் ரூபாய் அடக்க விலைக்குச் சரக்கு போகிறது, சராசரி இருப்பு 16 லட்சம் என்றால், கையில் 20 நாள் சரக்கு இருக்கிறது என்று பொருள். இருப்பைக் குறைத்தால் பாராட்டு என்று மட்டும் சொல்லிவிட்டால் சரக்கறை ஆள் எல்லாவற்றையும் குறைத்துவிடுவார். "இல்லை" நோட்டு நிரம்பிவிடும். "இல்லை" என்ற சொல்லே வரக்கூடாது என்று சொன்னால் கிடங்கை நிரப்பிவிடுவார். நம் பணம் மூட்டையாக உட்கார்ந்திருக்கும். இரண்டு தட்டும் சமமாக நிற்பதைத்தான் அவரிடம் கேட்க வேண்டும்.

யார் கையில் இருக்கிறது?

இதில் ஒரு செய்தியை என் மகன் சொல்லி அறிந்தேன். ஜப்பானியருக்கு 1950 முதல் தரக் கட்டுப்பாடு கற்பித்த டெமிங் என்ற அமெரிக்கர் தம் வகுப்புகளில் ஒரு விளையாட்டு நடத்துவாராம். ஒரு பெட்டியில் 4,000 மணிகள். ஐந்தில் ஒரு பங்கு சிவப்பு, மற்றவை வெள்ளை. ஐம்பது குழி உள்ள ஒரு கரண்டியை ஆட்களிடம் கொடுத்து, கண்ணை ஓட்டாமல் ஒரே முக்கில் அள்ளச் சொல்லுவார். சிவப்பு மணி வரக்கூடாது என்பது கட்டளை. குறைவாகச் சிவப்பு வந்தவரைப் பாராட்டுவார். அதிகம் வந்தவரைக் கண்டிப்பார். அடுத்த முறை பாராட்டு வாங்கியவருக்கே சிவப்பு அதிகம் வரும். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். பெட்டியில் சிவப்பு மணியைப் போட்டது நிர்வாகம். திட்டு வாங்குவது தொழிலாளி.

மளிகைக் கடைக்காரருக்கு இது உடனே விளங்கும். மில்லிலிருந்து கல் கலந்த பருப்பை வாங்கியவர் முதலாளி. பொட்டலத்தில் கல் இருக்கிறது என்று திட்டு வாங்குகிறவர் பொட்டலம் போடும் பெண்.

எங்கள் கடையிலும் ஓர் அம்மா பொட்டலம் போடுவதில் மற்றவர்களைவிடப் பின்தங்கியிருந்தார். மணிக்கு 70 பொட்டலம்தான். காரணம் கேட்டபோது, "தராசு அங்கே, ஒட்டுகிற மெஷின் இங்கே, ஒவ்வொரு தடவையும் எழுந்து போய் வருகிறேன் அண்ணாச்சி" என்றார். மேஜையை நகர்த்திப் போட்டோம். அதே அம்மா 90 போட்டார். அவர் கையில் எந்த மாற்றமும் இல்லை. மேஜைதான் மாறியது.

ஆகவே எந்தக் குறையைப் பார்த்தாலும் முதலில் ஒரு கேள்வி: இது அவர் கையில் இருக்கிறதா, என் கையில் இருக்கிறதா? மில்லுக்குப் பணம் கட்டாததால் சரக்கு வரவில்லை என்றால் அது என் கணக்கு. வந்த சரக்கை எடுத்து அடுக்காததால் "இல்லை" என்று சொன்னால் அது அவர் கணக்கு. இந்தப் பிரிவினையைச் செய்யாமல் மதிப்பெண் போடக்கூடாது. திருக்குறளில் ஆளைத் தெரிந்து தேறுவதற்கு 51-ஆம் அதிகாரத்தையும், தெரிந்து வேலையை ஒப்படைப்பதற்கு 52-ஆம் அதிகாரத்தையும் வள்ளுவர் வைத்திருக்கிறார். இரண்டும் அரசனுக்குச் சொன்னவை. அதாவது பொறுப்பு முதலில் வேலை கொடுப்பவனுடையது.

உட்கார்ந்து பேசும் முறை

அளந்து வைத்துக்கொண்டு ஆளிடம் சொல்லாவிட்டால் பயனில்லை. சொல்லுகிற முறை தவறினால் அளந்ததே வீண். நாங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒவ்வொருவரோடும் அரை மணி நேரம் தனியாக உட்காருகிறோம். கூட்டம் குறைந்த மதிய வேளை, கல்லாவில் வேறொருவர், செல்போன் உள்ளே. தீபாவளி சமயத்தில் இதை வைத்துக்கொள்வதில்லை. அப்போது அவர் மனம் போனஸில் இருக்கும், நம் மனம் சரக்கில் இருக்கும்.

முதலில் அவரைப் பேச விடுகிறேன். மூன்று கேள்விகள்தான். இந்த மூன்று மாதத்தில் நன்றாக நடந்தது எது? உங்கள் வேலைக்கு இடைஞ்சல் எது? நான் என்ன செய்தால் உதவியாக இருக்கும்? மூன்றாவது கேள்விக்கு முதல் தடவை யாரும் பதில் சொல்லமாட்டார்கள். இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை சொல்லுவார்கள். மேற்கு லைன்காரரிடம் நான் ஒருமுறையும் கேட்காத கேள்வி அது.

பிறகு நோட்டைத் திறந்து எண்களைக் காட்டுகிறேன். நல்லதை முதலில். குறையைச் சொல்லும்போது தேதியும் பில் எண்ணும் சொல்ல வேண்டும். "நீ எப்போதும் இப்படித்தான்" என்ற பேச்சு கூடாது. "ஆகஸ்ட் 12-ஆம் தேதி பில்லில் இரண்டு மூட்டை ரகம் மாறிப் போயிருக்கிறது, எப்படி ஆனது?" என்று கேட்டால் பதில் வரும். கடைசியில் அடுத்த மூன்று மாதத்துக்குச் சரிசெய்ய வேண்டியது இரண்டு, அவர் பக்கம் ஒன்று, என் பக்கம் ஒன்று என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுகிறோம். என் பக்கத்தில் எழுதியதை நான் செய்யாவிட்டால், அடுத்த முறை அவரைக் கேட்க எனக்கு வாய் இல்லை.

வாடிக்கையாளர் முன் கண்டிப்பது, ஒருவரோடு ஒருவரை ஒப்பிட்டுப் பேசுவது, முதலிடம் இரண்டாமிடம் என்று பலகையில் எழுதுவது மூன்றையும் விட்டுவிட்டோம். கிழக்கு லைனில் கடைகள் நெருக்கமாக இருக்கின்றன. மேற்கு லைனில் ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் மூன்று கிலோமீட்டர். இருவரையும் ஒரே பலகையில் எழுதுவது எப்படி நியாயம்?

பணமும் சட்டமும்

தீபாவளி போனஸை இந்த அளவைகளோடு கலக்காதீர்கள். அது எல்லோருக்கும் உரிய எதிர்பார்ப்பு. அதில் கை வைத்தால் வேலையைப் பற்றிய பேச்சே சண்டையாகிவிடும். ஊக்கத்தொகை தனி. அதை வசூலான விற்பனைக்கும் லாபத்துக்கும் சேர்த்து வையுங்கள். விதியை ஆண்டுத் தொடக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும், நடுவில் மாற்றக்கூடாது. இருப்பு குறைந்தது என்று நம் இஷ்டத்துக்குச் சம்பளத்தில் பிடிப்பதும் கூடாது. பிடித்தத்துக்குச் சட்டத்தில் வரம்பு உண்டு.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இன் 41-ஆம் பிரிவின்படி, தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்தவரைத் தக்க காரணமின்றி நிறுத்தக்கூடாது. ஒரு மாத முன்னறிவிப்போ, அதற்கு ஈடான சம்பளமோ கொடுக்க வேண்டும். எழுதி வைத்த நோட்டு அப்போது இருதரப்புக்கும் பாதுகாப்பு. அதே சட்டத்தில் 2021-இல் ஒரு திருத்தம் வந்து, கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று ஆயிற்று. காலை முதல் நிற்கும் ஆள் மாலையில் நிறுவையில் தவறினால், ஆளைக் குறை சொல்லுமுன் நாற்காலி இருக்கிறதா என்று பாருங்கள்.

சிறு கடைக்காரர்களுக்கு

"எங்களிடம் இரண்டே பேர்தான், இதெல்லாம் பெரிய கடைக்கு" என்று சிலர் நினைக்கலாம். இரண்டு பேர் உள்ள கடையில் ஒருவர் போனால் பாதிக் கடை போகிறது. உங்களுக்கு மூன்று நோட்டு போதும். கயிற்றில் தொங்கும் "இல்லை" நோட்டு ஒன்று. திரும்பி வந்த சரக்கும் தேதி முடிந்ததும் எழுதும் நோட்டு ஒன்று. ஆளுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கி, நல்லது கெட்டது இரண்டையும் அன்றன்றே தேதி போட்டு எழுதும் நோட்டு ஒன்று. வாரம் ஒருநாள், ஐந்தே ஐந்து சாமானை மட்டும் எண்ணிப் பாருங்கள். வாரம் ஐந்து என்றால் ஆண்டுக்கு 260 எண்ணிக்கை ஆகிறது. எந்த ஐந்து என்பதை முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். எண்ணும்போது அவரையும் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றன்றே எழுதுவது முக்கியம். மார்ச் கடைசியில் கணக்கு முடிக்கும்போது ஓராண்டு வேலையை நினைவிலிருந்து சொல்ல முயன்றால், கடைசி பதினைந்து நாள் நடந்ததுதான் நினைவுக்கு வரும். பதினோரு மாதம் ஒழுங்காக வேலை செய்தவர் மார்ச்சில் ஒரு டின் எண்ணெயைக் கொட்டியிருந்தால், நம் நினைவில் அந்த எண்ணெய்தான் இருக்கும்.

எங்கள் கடையில் இப்போது லைன் பார்ப்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அந்தப் பழைய சிட்டை நோட்டைத்தான். அட்டை கிழிந்து, பக்கங்கள் மஞ்சளாகிவிட்டன. வேலை எப்படிச் செய்வது என்று அவர்கள் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்கள். ஆளை எப்படிப் பார்ப்பது என்று நான் தெரிந்துகொண்டதும் அதிலிருந்துதான். நேரம் கடந்து தெரிந்துகொண்டேன்.

நண்பர்கள் அந்தத் தாமதத்தைச் செய்ய வேண்டாம். வருகிற முதல் தேதியிலேயே ஒரு நோட்டு வாங்கிக் கல்லாப் பக்கத்தில் கட்டுங்கள். முதல் பக்கத்தில் உங்கள் பெயரை எழுதி, உங்கள் குறையையும் அதில் எழுதத் தொடங்குங்கள்.